பதினேழாவது வாக்கியம்

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் பாண்டிச்சேரி அரசு ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். பெண்கள் அறுவை வார்டில் நிர்மலாதேவி சிஸ்டர் ட்யூட்டி என்றால் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து கட்டிலில் ஏறி உட்கார யாருக்கும் தைரியம் வராது. ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான். வெற்றிலையைத் துப்பி வாயைக் கொப்புளித்துவிட்டு வந்தால்தான் உள்ளே விடுவேன். அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வாய் யாரிடம் நீளுகிறது, யாரிடம் சுருங்குகிறது என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறில் அதை அளக்கவென்றே ஒரு பெண் வந்தாள். பெயர் சிவசங்கரி. எம்.எஸ்ஸி. நர்சிங் கடைசி வருஷம், லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். நோயாளிக்காக நர்ஸ் வாயைத் திறந்து பேசுவதைப் பற்றி நர்ஸ்கள் என்ன நினைக்கிறார்கள், அந்த நினைப்பை எப்படி அளப்பது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. "ஜுரத்துக்கு தெர்மாமீட்டர் இருக்குல்லக்கா, அதுமாதிரி இதுக்கு ஒண்ணு செஞ்சிருக்கேன்" என்றாள். நாலு பக்கத் தாளில் நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். முழுவதும் ஒத்துக்கொள்கிறேன் என்பது முதல் கட்டம், அடியோடு மறுக்கிறேன் என்பது கடைசிக் கட்டம், நட்டநடுவில் முடிவு சொல்ல முடியவில்லை என்று ஒன்று. ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும்; முதல் கட்டத்துக்கு ஐந்து மார்க், கடைசிக் கட்டத்துக்கு ஒன்று. பெயர் வேண்டாம், வார்டும் ஒரு நம்பரும் போதும். பதினைந்து நாள் கழித்து இதே தாளை இதே ஆட்களிடம் திரும்பவும் கொடுப்பாளாம். இரண்டு தடவையும் பதில் ஒத்துப்போனால்தான் அந்தத் தாள் உருப்படி என்று கல்லூரியில் ஏற்றுக்கொள்வார்களாம்.

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஃபாரம் வந்தாலும் ஒருத்தி படித்து நிரப்புவாள், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். லீவு ஃபாரமா, சங்கத்து மனுவா, மேலிடத்துக்குப் போகிற பட்டியலா, எல்லாம் அப்படித்தான். முப்பத்தாறு கட்டிலுக்கு ஐம்பது பேர் வந்து, மிச்சப் பேருக்குத் தரையில் பாய் போட்டிருக்கிற இடத்தில் ஆளுக்கொரு ஃபாரமாக உட்கார்ந்து படிக்க நேரம் ஏது? நிரப்புகிற அந்த ஒருத்தி எப்போதும் நான்தான். இதையும் நான் நிரப்பினேன். என்னைப் பார்த்து வசந்தா போட்டாள், அவளைப் பார்த்து மற்ற நாலு பேரும் போட்டார்கள்.

பதினேழாவது வாக்கியம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. 'மருத்துவர் கோபப்படுவார் என்று தெரிந்தாலும், என் நோயாளிக்காக நான் தயங்காமல் பேசுவேன்.' முதல் கட்டத்தில் அழுத்தி டிக் போட்டேன். மூன்று வருஷ சர்வீஸ்காரி வசந்தா அந்த இடத்தில் பேனாவைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இதுக்கு மட்டும் நடு கட்டம் போட்டுக்கட்டா?"

"அது மதில்மேல் பூனைக்குப் போட்ட கட்டம்டி. நீ பூனையா நர்ஸா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு முதல் கட்டத்திலேயே போட்டாள். ஆறு பேருக்கும் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. சிவசங்கரிக்குப் பெரிய சந்தோஷம்.

வசந்தா தயங்கியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வார்டு சர்ஜன் டாக்டர் ஜானகிராமன். கைராசிக்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை அவர் வீட்டுக்குப் போன் போகக் கூடாது. பாண்டியில் கடைகளே அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிடும். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போனாலும் அவன் பழக்கிவிட்ட மதியத் தூக்கம் போகவில்லை. அதற்கு முந்தின மாதம் ஒரு நாள் இரண்டரை மணிக்கு, வயிறு உப்பிக்கொண்ட ஒரு நோயாளிக்காக வசந்தா அவருக்குப் போன் போட்டாள். வந்து பார்த்தார். வெறும் வாயு. மறுநாள் காலை ரவுண்ட்ஸில், மாணவர்கள் பத்துப் பேர் சுற்றி நிற்க, "வாயுவுக்கும் ரத்தக்கசிவுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க சிஸ்டர்" என்று அவளை நிற்க வைத்துக் கேட்டார். அவள் கேஸ் ஷீட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவர் போன பிறகு ட்யூட்டி ரூமில் உட்கார்ந்து அரைமணி நேரம் அவரைக் கிழிகிழியென்று கிழித்தேன். அவர் முன்னால் ஒரு சொல் வரவில்லை. அதற்குப் பிறகு மதியத்தில் யாரும் அந்த நம்பரைத் தொடுவதில்லை.

தாள் நிரப்பிய எட்டாம் நாள். எனக்கு மதிய ட்யூட்டி.

பதினோராம் கட்டிலில் சின்னப்பொண்ணு. வயது முப்பத்தெட்டு, நடவு வேலை செய்கிறவள். முந்தின நாள் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. புருஷன் முருகையன் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர். நான் ஒன்றே காலுக்குப் போகும்போது அவள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டபடி தலையை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருந்தாள். பல்ஸ் நூற்று நாலு. பயிற்சி டாக்டர் பையனைக் கூப்பிட்டேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெறும் கேஸ் டிரபிள்தான் சிஸ்டர்" என்று ஒரு ஊசி எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

இரண்டே காலுக்கு மறுபடி பார்த்தேன். பல்ஸ் நூற்று இருபத்திநாலு. பி.பி. தொண்ணூறு. நெற்றியில் சில்லென்று வியர்வை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள எம்.எஸ்ஸி. வேண்டாம். உள்ளே ரத்தம் கசிகிறது என்று என் கைக்குத் தெரிந்துவிட்டது.

முருகையன் வாசலில் வந்து நின்றார். "சிஸ்டர், அவ வலின்னு கத்துற ஆளு இல்ல. நாத்து நடும்போதே நோவு எடுத்து, ஊட்டுக்கு நடந்தே வந்து புள்ள பெத்தவ. இன்னிக்கு இவ இப்படி பண்றான்னா இன்னாவோ இருக்குது. பெரிய டாக்டர கூப்டுங்க சிஸ்டர்."

"எங்களுக்குத் தெரியாதா? சொல்றேன். நீ போய் பெஞ்சில உக்காரு" என்று அதட்டினேன். அவரை அதட்ட எனக்கு எந்தத் தயக்கமும் வரவில்லை. அவர் போய் உட்கார்ந்தார்.

ட்யூட்டி ரூமுக்கு வந்து போனை எடுத்தேன். சுவரில் டாக்டர் வீட்டு நம்பர் ஒட்டியிருந்தது. மூன்று எண் அழுத்தினேன். வசந்தா அன்றைக்கு அழுத முகம் முன்னால் வந்தது. ஒருவேளை வாயுவாக இருந்துவிட்டால்? நாளைக்குக் காலையில் பத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் நிற்க வேண்டும், நாற்பத்தைந்து வயதில். போனை வைத்துவிட்டேன். சலைன் வேகத்தைக் கூட்டினேன். கேஸ் ஷீட்டில், 'மணி 2.15. மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதினேன். பயிற்சி டாக்டரும் மருத்துவர்தானே. அந்த வரி பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முருகையன் இன்னும் இரண்டு தடவை எழுந்து வந்தார். இரண்டு தடவையும் "சொல்லியாச்சுப்பா, வருவாரு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு கடிகாரத்தை அப்படிப் பார்த்தது கிடையாது. அவளுக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு நாலு மணி வரவே இல்லை.

நாலு அடித்து ஐந்து நிமிஷத்தில் போன் போட்டேன். நாலரைக்கு வந்துவிட்டார். வயிற்றில் கை வைத்த உடனே அவர் முகம் மாறியது. "தியேட்டருக்கு எடுங்க" என்றார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது பல்ஸ் சார்ட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு மணிக்கே என்னைக் கூப்பிட வேண்டியதுதானே, சிஸ்டர்?"

அதில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் போலக் கேட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை. ஐந்தரைக்குச் சின்னப்பொண்ணு தியேட்டரிலேயே இறந்துபோனாள்.

உடம்பை ஒப்படைக்கும்போது முருகையன் அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நான் சொன்னத டாக்டராண்ட சொன்னீங்களா சிஸ்டர்?"

"அப்பவே சொல்லிட்டேன்பா. அவரு வர்றதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க சொன்னீங்க. அப்புறம் அவ விதி" என்றார். அந்தக் கும்பிடுக்குப் பதிலாக அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

புகார் எதுவும் வரவில்லை. கேஸ் ஷீட் ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டது. எந்த மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வாரம் நான் யாரையும் அதட்டாமல் இருந்தேன். "அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல" என்று வார்டில் பேசிக்கொண்டார்கள்.

பதினைந்தாம் நாள் சிவசங்கரி சொன்ன சொல் மாறாமல் அதே தாளோடு வந்தாள். ஆறு தாளையும் மேஜையில் வைத்துவிட்டு, மாலையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனாள். வழக்கம்போல முதல் தாள் என் கைக்கு வந்தது.

நான் இந்தத் தடவை ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்தேன். 'நோயாளியின் உறவினர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பேன்.' மறுத்தேன். 'நோயாளிக்கு ஆபத்து என்று தோன்றினால் மேலதிகாரியை எந்த நேரத்திலும் அழைப்பேன்.' மறுத்தேன். பதினேழாவதில் கடைசிக் கட்டத்தில், தாள் கிழிகிற மாதிரி டிக் போட்டேன். யாரிடமும் சொல்லாததை அந்தத் தாளிடம் சொன்னேன். பெயரில்லாத தாள்தான், இருந்தாலும் இந்த ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்திலாவது நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று நினைத்தேன். எழுதி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

தாளை மேஜையிலேயே வைத்துவிட்டு ஊசி போடப் போனதுதான் என் தப்பு. திரும்பி வருவதற்குள் வசந்தா என்னைப் பார்த்துப் போட்டிருந்தாள். வசந்தாவைப் பார்த்து மற்ற நாலு பேரும் போட்டிருந்தார்கள். ஒருத்தியும் ஒரு வாக்கியமும் படிக்கவில்லை. எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் டிக். நான் தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

நாலு நாள் கழித்து மதியம் சிவசங்கரி வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னக்கா இப்படி பண்ணிட்டீங்க? மத்த வார்டுல எல்லாம் ரெண்டு தடவையும் ஒத்துப்போவுது. உங்க ஆறு பேர்து மட்டும் தலகீழா இருக்குது. உங்களால மொத்தக் கணக்கும் படுத்துடுச்சு. கைடு மேடம் கேள்வியே சரியில்ல, திரும்ப முதல்லேந்து பண்ணுன்றாங்க. எனக்கு ஒரு வருஷம் போயிடும்க்கா."

"ரெண்டாவது தாள படிச்சியா?" என்று கேட்டேன்.

"மார்க் போட்டேனே."

"மார்க் கெடக்கட்டும். படிச்சியா? பதினேழுக்கு நான் இன்னா போட்டிருக்கேன்னு பாத்தியா?"

அவள் பையைத் திறந்து பார்த்தாள். "அதான்க்கா, மொதல்ல அஞ்சு, இப்ப ஒண்ணு. இதுலதான் அடி வாங்குது."

"அது நெசம்டி. மொதல்ல போட்டதுதான் பொய்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நிமிஷம், கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசமா பொய்யான்றது அப்புறம் பாக்குற விஷயம்க்கா. இப்பத்திக்கு ரெண்டும் ஒண்ணா இருக்கணும், அவ்ளோதான்" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெற்றவர்கள் கடன் வாங்கிப் படிக்க வைத்த பெண். புதுத் தாள் ஆறும், நாங்கள் முதலில் நிரப்பிய தாளில் ஒன்றும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

நான் தொடவில்லை. எழுந்து போய் பதினோராம் கட்டிலுக்கு டிரஸ்ஸிங் மாற்றினேன். இப்போது அதில் வேறொருத்தி படுத்திருந்தாள். கால்மணி நேரத்தில் திரும்பி வந்தால் மேஜையில் ஒன்றுமில்லை. சிவசங்கரி ஸ்கூட்டி சாவியோடு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிதுக்கா" என்றாள் வசந்தா. "பாவம், அழுவுது அந்தப் பொண்ணு. பழசைப் பாத்து எல்லாரும் போட்டுட்டோம். நீங்க வேலையா இருந்தீங்களா, உங்களுதையும் நானே போட்டுட்டேன்."

அவளுக்கு நல்ல மனசு. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு என்று எங்கள் வார்டு திரும்பவும் தலை நிமிர்ந்துவிட்டது.

நாலு மணி பார்வையாளர் நேரத்தில் முருகையன் வந்தார். கையில் ஒரு நைலான் பை, அதிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பையை என் காலருகே வைத்தார்.

"வஞ்சரம் சிஸ்டர். காலையில போட்ல வந்தது. உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்."

"எனக்கு எதுக்குப்பா?"

"எங்களுக்குன்னு பேசுனவங்க நீங்க ஒருத்தர்தான்." சொல்லிவிட்டு ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "ஊட்ல எல்லாரும் என்னியதான் சொல்றாங்க. மச்சான் செம்மல், வாயில கொழுக்கட்டைய வச்சிக்கினு நின்னியா, கூச்சல் போட்டிருந்தா டாக்டரு ஓடியாந்திருப்பான்னு கேக்கறான். எம் பொண்ணு பிளஸ் டூ படிக்குது. அது என்னாண்ட பேசறதே இல்ல. நான் சொல்லிட்டேன், அந்த சிஸ்டர் அப்பவே சொன்னாங்க, நமக்காவ ஒருத்தங்க பேசுனாங்க, விதி முந்திக்கிச்சின்னு. யாரும் நம்ப மாட்டேன்றாங்க."

மீன் பையை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். வாயைத் திறந்தால் வம்பு என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் எழுதி வைத்த ஒரு காகிதமும் போய்விட்டது. இந்த மனுஷனையும் அனுப்பிவிட்டால் இனி அதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அவரைத் தாழ்வாரத்து ஜன்னல் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன்.

"முருகையன், நான் டாக்டருக்கு ரெண்டு மணிக்குச் சொல்லல. போனை எடுத்தேன், பயந்து வச்சிட்டேன். நாலு மணிக்கு அப்புறம்தான் சொன்னேன். உன்கிட்ட சொன்னது பொய்."

அவர் கேட்டபோது குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"ரெண்டு மணிக்கே அவரு வந்திருந்தா?"

"பொழச்சிருக்கலாம்பா. சத்தியமா தெரியாது. ஆனா பொழச்சிருக்கலாம்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார்.

"இத எழுதித் தருவீங்களா சிஸ்டர்? கேஸு கீஸுன்னு போவ எனக்கு தெம்பு இல்ல. எம் பொண்ணாண்ட காட்டணும். நான் மூணு வாட்டி வந்து சொன்னேன், நீங்கதான் சொல்லலன்னு. அது மட்டும் எழுதி, கீழ உங்க பேரு போட்டா போதும்."

ஒரே ஒரு வரி. என் பெயர். அந்தக் காகிதம் அவர் வீட்டோடு நிற்குமா? செம்மல் கையில் போனால் மறுநாள் சூப்பரின்டெண்ட் மேஜையில் இருக்கும். மெமோ வரும், விசாரணை வரும், 2.15 என்று எழுதிய அந்த வரி வெளியே வரும். பென்ஷனுக்குப் பதினைந்து வருஷம் இருக்கிறது. என் பையன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். இவ்வளவும் எனக்கு எவ்வளவு வேகமாகத் தோன்றியது என்பதை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"யோசிச்சுச் சொல்றேன்பா" என்றேன்.

"சரிங்க சிஸ்டர். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

மேஜைக்குப் பக்கத்தில் போய் மீன் பையை எடுத்துக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். வார்டு வாசலில், அன்றைக்கு நான் உட்காரச் சொன்ன அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ட்யூட்டி முடிய இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. வெளியே போவதற்கு வார்டுக்கு அந்த ஒரு வாசல்தான்.